கண்ணாடித் தொட்டியில் கடல் சாமந்தி

கடல் சாமந்தி பார்வைக்குப் பூவாக இருந்தாலும், உண்மையில் அது மாமிசம் தின்னும் பிராணி. பவளப் பூச்சியும் சொறி மீனும் இதற்கு நெருங்கிய உறவு. எலும்பு, ஓடு, மூளை எதுவும் கிடையாது. பாறையைப் பற்றிக் கொள்ள அடியில் ஒரு பாதம், அதன் மேல் தண்ணீர் நிரம்பிய பை போன்ற உடல், உச்சியில் ஒரு தட்டு, தட்டைச் சுற்றி இதழ் இதழாகக் கைகள், நடுவில் ஒரு வாய். தின்பதும் கழிப்பதும் அந்த ஒரே வழியாகத்தான். கைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் உயிரணுக்கள் உள்ளன. சிறு மீனோ இறாலோ உரசினால் அவை ஊசி போலப் பாய்ந்து விஷத்தை ஏற்றும். இரை விறைத்ததும் கைகள் மடங்கி அதை வாய்க்குள் தள்ளும்.

சென்னை கொளத்தூர் பகுதியில் நன்னீர் வண்ண மீன் வளர்ப்பு குடிசைத் தொழிலாக வேரூன்றியிருக்கிறது. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களில் சிலர் அடுத்த படியாகக் கடல் நீர்த் தொட்டி வைக்கிறார்கள். வைத்தவுடன் அவர்கள் தேடுவது கோமாளி மீனையும், அது புகுந்து விளையாட ஒரு கடல் சாமந்தியையும்தான். மீன் பெரும்பாலும் பிழைத்து விடுகிறது. சாமந்தியோ பல வீடுகளில் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்கிக் கரைந்து போகிறது. போகும்போது தனியாகவும் போவதில்லை. ஒரே இரவில் தொட்டி நீரை அழுகச் செய்து, மீன்களையும் கூட்டிக் கொண்டு போய் விடுகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்த தொட்டி காலையில் நாற்றமடிக்கும் குட்டையாகி நிற்கும்.

இத்தனைக்கும் இது அற்பாயுசுப் பிராணி அல்ல. ஸ்காட்லாந்தில் 1828ஆம் ஆண்டு சர் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சிவப்புச் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். 'கிரானி', அதாவது பாட்டி, என்று அதற்குப் பெயர் வந்தது. டாலியல் 1851இல் காலமானார். பாட்டி கை மாறிக் கை மாறி மேலும் 36 ஆண்டுகள் வாழ்ந்து 1887இல்தான் இறந்தது. மின்சாரமும் பம்பும் இல்லாத காலத்தில், கடல் நீரைத் தவறாமல் மாற்றி ஊற்றியே அதைக் காப்பாற்றினார்கள். அது குளிர்க் கடலின் கெட்டி ரகம்; நம் பக்கத்து வெப்பக் கடல் ரகங்கள் அத்தனை தாராளமாகப் பொறுத்துக் கொள்வதில்லை. ஆனால் சாமந்தி தொட்டியில் செத்தால், வயதாகிச் செத்தது என்று சொல்லி விட முடியாது என்பதற்கு அந்தப் பாட்டியே சாட்சி.

உள்ளே ஒரு தோட்டம்

வெப்பக் கடல் சாமந்தியை வளர்க்க நினைப்பவர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதன் சதைக்குள் ஒரு செல் பாசி லட்சக்கணக்கில் குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அந்தப் பாசி மாவுச்சத்தைத் தயாரித்து, பெரும் பகுதியைச் சாமந்திக்கே கொடுக்கிறது. சாமந்தியின் கழிவில் உள்ள தழைச்சத்து பாசிக்கு உரமாகிறது. ஆகவே, கடல் சாமந்தி வளர்ப்பது பாதி கால்நடை வளர்ப்பு, பாதி பயிர் வளர்ப்பு. இரையும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இளைக்கும்.

ஆரோக்கியமான சாமந்தியின் நிறம் தவிட்டு நிறமாகவோ, பழுப்பு கலந்த பச்சையாகவோ, சில ரகங்களில் சிவப்பாகவோ இருக்கும். கடையில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் சாமந்தி, பாசியை இழந்து பட்டினி கிடக்கும் சாமந்தி. பளிச்சென்ற மஞ்சள், ரோஜா நிறங்களில் விற்பவற்றில் பல சாயம் ஏற்றப்பட்டவை. வெளுத்ததை மறைக்கச் சாயம் ஏற்றுகிறார்கள். கைகள் முதல் அடித்தண்டு வரை ஒரே நிறமாகத் துணிச் சாயம் போலத் தெரிந்தால் அதைத் தொடாமல் வருவதே நல்லது. பார்த்துப் பரிதாபப்பட்டு வாங்கினாலும், கடைக்காரர் அடுத்த தடவை இன்னும் இரண்டு கொண்டு வருவார், அவ்வளவுதான் பலன்.

தொட்டி பழுக்க வேண்டும்

புதுத் தொட்டியில் சாமந்தி நிற்காது. மீனின் கழிவும் மீதித் தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். மணலிலும் கல்லிலும் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரைட்டும் ஆகாது, நைட்ரேட் ஓரளவு இருந்தால் பாதகமில்லை. இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அத்துடன் வேலை முடிந்தது என்று பலர் நினைத்து விடுகிறார்கள். மீனுக்கு அது போதும். சாமந்திக்குப் போதாது. காரத்தன்மை, உப்பு, பாசி, நுண்ணுயிர்கள் எல்லாம் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வர ஆறு மாதம் பிடிக்கும். ஒரு வருஷம் காத்திருந்தால் இன்னும் உத்தமம். தரிசைத் திருத்தியவுடன் வாழைக் கன்று நடுகிறவர் இல்லை. இங்கும் அதே கணக்குத்தான்.

தொட்டியின் கொள்ளளவு 200 லிட்டருக்குக் குறையக் கூடாது. சிறு தொட்டியில் உஷ்ணமும் உப்பும் ஒரே நாளில் மாறி விடும். பெரிய ரகங்களுக்கு 400 லிட்டருக்கு மேல் தேவை.

தொட்டிக்குள் அடுக்கும் கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். மேல் நாட்டுப் புத்தகங்கள் கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையை அடுக்கச் சொல்லும். நம் நாட்டில் கல் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலிருந்து 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பவளத் துண்டோடு ஒட்டிய சாமந்தியை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றுக் கடலையும் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் எடுக்க அனுமதி இல்லை. கடையில் விற்கும் பீங்கான் கல், மெருகு பூசாத சுட்ட மண் ஓடு, சிமெண்டில் வார்த்த கல் ஆகியவை போதும். சிமெண்டுக் கல்லைப் பல வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, அடிக்கடி அந்தத் தண்ணீரை மாற்றி, சுண்ணாம்புக் காரம் இறங்கிய பிறகே உபயோகிக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

கடலோர ஊர்க்காரர்கள் கடல் நீரையே உபயோகிக்கலாம். ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை கலக்கும் இடம் இவற்றுக்குத் தொலைவில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில், தெளிந்த நீராக எடுக்க வேண்டும். மழை பெய்த சில நாட்களுக்கு எடுக்கவே கூடாது. எடுத்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் தொட்டியில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் இறைத்துக் கொள்ள வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்குக் கடல் மீன் தொட்டிக்கென்று தயாரித்த உப்புக் கலவை கிடைக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 முதல் 40 கிராம் தேவைப்படும். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. கடல் நீரில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. கரைக்கும் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தம் செய்ததாக இருப்பது நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு; ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்ன உண்டு என்று இடத்துக்கு இடம் சொல்ல முடியாது.

ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி எண் 1.024 முதல் 1.026 வரை காட்ட வேண்டும். பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாக இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இவற்றைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டிகள் விற்கின்றன. எண்கள் ஒரு புள்ளி முன்னே பின்னே இருப்பதால் சாமந்தி சாவதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று ஆடுவதால்தான் சாகிறது.

புதிதாக வைப்பவர்கள் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கி விடும். குறைந்ததை நிரப்ப மீண்டும் உப்பு நீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறிக் கொண்டே போகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்து வைத்து, தினமும் அந்தக் கோடு வரை சுத்தமான நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை வெளியேற்றிப் புது உப்பு நீர் விட வேண்டும். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

செம்பு சாமந்திக்கு எமன். கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கடைகளில் கொடுக்கும் மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீன்களுக்கு அது மருந்து, முதுகெலும்பற்ற பிராணிகளுக்கு விஷம். மீனுக்கு நோய் கண்டால் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். செம்பு மருந்து ஊற்றிய தொட்டியைக் கழுவி விட்டுப் பிறகு சாமந்தி விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மணலிலும் கல்லிலும் அது தங்கி, மெல்ல மெல்லக் கசியும். பித்தளைத் திருகு, செம்புக் கம்பி எதுவும் நீரில் படக் கூடாது.

கோடைதான் சோதனை

குளிர் நாட்டுக்காரர்கள் தொட்டி நீரைச் சூடாக்கச் செலவு செய்கிறார்கள். நமக்குக் குளிர வைப்பதுதான் செலவு. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு இருந்தால் சாமந்தி சௌக்கியமாக இருக்கும். 28 வரை பழகிக் கொள்ளும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பாசியைத் துப்பத் தொடங்கி விடும். அதைத்தான் வெளுப்பு என்கிறோம். கடலிலேயே இந்த விபத்து நடக்கிறது. 2010இலும் 2016இலும் கோடையில் மன்னார் வளைகுடாக் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் பரவலாக வெளுத்தன. கடலில் நீரோட்டம் உண்டு, ஆழம் உண்டு. வீட்டுத் தொட்டியில் அந்தச் சலுகை இல்லை. மேலும், நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயுவும் குறைகிறது.

அக்னி நட்சத்திரக் காலத்தில் மூடாத தொட்டியில் தேங்கிய நீர் 32 டிகிரியை எளிதில் எட்டும். நீர்ப் பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சாய்த்து ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் அவ்வளவு இறங்காது. விசிறி ஓடும் நாட்களில் நீர் அதிகமாக ஆவியாகும் என்பதால் காலை மாலை இரு வேளையும் நல்ல தண்ணீர் ஊற்ற நேரிடும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டியும், மொட்டை மாடிக்கு நேர் கீழேயும் தொட்டி வைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஐஸ் கட்டியை அப்படியே போடுவது தவறு. மூடிய பாட்டிலில் நீரை உறைய வைத்து மிதக்க விட்டால் உப்பு நீர்க்காது. ஆனாலும் அது அவசரத்துக்கு மட்டுமே. உஷ்ணம் மேலும் கீழும் ஊசலாடுவதைச் சாமந்தி விரும்புவதில்லை. வசதி உள்ளவர்கள் குளிரூட்டும் இயந்திரம் வைக்கலாம். வசதி இல்லாதவர்கள், வீட்டில் குளிர்ச்சியான அறை ஒன்று அமையும் வரை மீனோடு நிறுத்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும், பிராணவாயு குறையும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்கை விட்டு விட்டுப் பம்பை மட்டும் அதில் இணைத்தால் போதும். ஒரு நாள் வெளிச்சம் இல்லாமல் சாமந்தி சாகாது.

எந்த ரகம்?

கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் சாமந்தி ரகங்கள் உலகில் பத்துதான். அவற்றில் முதன் முதலாக வளர்ப்பவருக்கு ஏற்றது குமிழ் நுனிச் சாமந்தி. கைகளின் நுனி வெங்காயத் தாள் பூவைப் போல உருண்டு நிற்கும். சில சமயம் குமிழ் மறைந்து நீண்டு விடுவதும் உண்டு. அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். இது கல் இடுக்கில் பாதத்தை ஒளித்துக் கொண்டு, தலையை மட்டும் வெளிச்சத்தில் நீட்டும்.

கம்பளச் சாமந்தி நம் கடலில் ஆழம் குறைந்த மணல் தரையில் காணப்படுவது. விரித்த பாய் போலப் படர்ந்து, அரை மீட்டருக்கு மேல் அகலம் வளரும். கைகள் குட்டையாக, நெருக்கமாக, பசை போல ஒட்டும். இதற்கு ஒரு சாணுக்குக் குறையாத மணல் வேண்டும். தூங்கும் மீனையும் பிடித்துத் தின்று விடும். இன்னொன்று மகத்தான சாமந்தி என்று பெயர் பெற்ற ரகம். பவளத் திட்டின் உச்சியில் அலையும் வெயிலும் படும் இடத்தில் நிற்பது. பார்க்க இதைவிட அழகான சாமந்தி இல்லை. வளர்க்க இதைவிடக் கஷ்டமானதும் இல்லை. அனுபவம் இல்லாதவர் கையில் இது பிழைப்பது அரிது.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதம் எதையாவது கெட்டியாகப் பற்றியிருக்க வேண்டும். குச்சியால் மெல்லத் தொட்டால் கை ஒட்ட வேண்டும், உடல் சுருங்க வேண்டும். பாதத்தில் கிழிசல் இருக்கவே கூடாது. பாறையிலிருந்து பிடுங்கும்போது ஏற்படும் கிழிசலில் அழுகல் பிடித்துத்தான் பல சாமந்திகள் சாகின்றன. வந்த அன்றே வாங்காமல் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, ஒரு வாரம் கழித்து அதே சாமந்தி நன்றாக இருந்தால் வாங்குவது நல்ல யோசனை.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பையைத் தொட்டி நீரில் மிதக்க விட்டு உஷ்ணம் சமமான பிறகு, அதை ஒரு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். பிறகு கையுறை அணிந்து, சாமந்தியை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரைக் கீழே கொட்டி விடலாம்.

நடக்கும் செடி

விட்ட இடத்தில் அது நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாதத்தை நகர்த்தி நகர்த்தித் தனக்குப் பிடித்த வெளிச்சமும் நீரோட்டமும் உள்ள இடத்தைத் தானே தேடும். இந்த உலா முதல் இரண்டு வாரத்தில் அதிகம். அபாயமும் அப்போதுதான். இரவில் ஊர்ந்து பம்பின் உறிஞ்சு வாயில் போய் ஒட்டிக் கொண்டால் விசிறி அதைச் சல்லி சல்லியாக நறுக்கி நீரெங்கும் வீசி விடும். ஆகவே, சாமந்தியை வாங்கும் முன்பே எல்லாப் பம்பு வாய்களுக்கும் பஞ்சு உறையோ வலையோ மாட்டியாக வேண்டும். உறையை வாரம் ஒரு முறை கழுவா விட்டால் அடைத்துக் கொள்ளும்.

நீரோட்டம் கைகளை மெல்ல அசைக்கும் அளவு இருந்தால் போதும். நேராகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. வெளிச்சத்துக்குக் கடல் தொட்டிக்கென்று உள்ள எல்.இ.டி. விளக்குகள் நல்லவை, பழைய விளக்குகளைப் போல நீரைச் சூடாக்குவதில்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் எரிய வேண்டும். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுக்காமல், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

ஒரு இடத்தில் நிலைத்த பிறகு கல்லையும் விளக்கையும் மாற்றாமல் விட்டு விட வேண்டும். அழகுக்காக அடிக்கடி இடம் மாற்றி வைப்பவரிடம் சாமந்தி தங்காது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிடித்து இழுக்கக் கூடாது. அது பற்றியிருக்கும் கல்லோடு சேர்த்து எடுப்பதே சுலபம். கல்லை எடுக்க முடியாவிட்டால், பாதத்தின் ஓரத்தில் சிறு ஐஸ் துண்டைப் பிடித்தால் தானே விட்டுக் கொடுக்கும்.

தீனி வாரம் ஒரு முறை அல்லது இரு முறை போதும். இறால், கணவாய், மட்டிச் சதை ஏதாவது ஒன்றை உப்பு, மஞ்சள் எதுவும் படாமல் பச்சையாகக் கழுவி, கட்டை விரல் நகத்தின் அளவு நறுக்கி, நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியால் கைகளின் மேல் வைக்க வேண்டும். பெரிய துண்டாகக் கொடுத்தால் விழுங்குவது போல விழுங்கி, இரவில் கக்கி விடும். கக்கியதை எடுக்காவிட்டால் நீர் கெடும். வெளுத்த சாமந்திக்கு மிகச் சிறு துண்டுகளாக வாரம் மூன்று முறை கொடுத்து வந்தால் சில மாதங்களில் பாசி மறுபடி பிடித்து நிறம் திரும்புவதுண்டு.

சாமந்தி திடீரென்று சுருங்கி, பழைய பலூன் போலக் கிடந்தால் பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் நீரையும் பழுப்புக் கழிவையும் வெளியேற்றி விட்டு, சில மணி நேரத்தில் மறுபடி உப்பும். நாள்கணக்கில் உப்பாமல் இருப்பது, வாய் பிளந்து உட்குடல் வெளியே தள்ளுவது, பாதம் எதையும் பற்றாமல் உருண்டு திரிவது, இவைதான் கெட்ட அறிகுறிகள். சந்தேகம் வந்தால் மூக்கு சொல்லி விடும். செத்த சாமந்தி அழுகிய முட்டையைப் போல நாறும்; தொட்டால் நூல் நூலாகப் பிரியும். அந்த நிலையில் நள்ளிரவானாலும் உடனே எடுத்து விட்டு, பாதி நீரை மாற்றி, வடிகட்டியில் புதுக் கரி போட வேண்டும். காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் மீன்கள் இருக்காது.

தொட்டியிலும் கோரை

வேண்டி வளர்க்கும் சாமந்தி இத்தனை பாடுபடுத்த, வேண்டாத சாமந்தி ஒன்று அழிக்க அழிக்க முளைக்கும். கண்ணாடிச் சாமந்தி என்று அதற்குப் பெயர். கல்லோடு ஒட்டி விரல் நக அளவில் வரும். வெளிர் பழுப்பு நிறம், கொட்டும் குணம் உண்டு. நசுக்கினாலும் வெட்டினாலும், ஒட்டியிருக்கும் சிறு துணுக்கிலிருந்து புதிதாகக் கிளைக்கும். வயலில் கோரைக் கிழங்கை மண்வெட்டியால் கொத்துகிற கதைதான். ஊசிக் குழலில் கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை எடுத்து அதன் வாயில் விட்டால் சாகும். ஒரே நாளில் பத்துக்கு மேல் இப்படிச் செய்தால் பி.எச். ஏறி விடும். மிளகுக் குச்சி இறால் என்று மேல் நாட்டில் சொல்லும் சிவப்புக் கோடு போட்ட இறால் வகை இதைத் தேடித் தின்னும். ஒன்று இரண்டாக இருக்கும்போதே கவனிப்பது மலிவு.

கோமாளியும் கூட்டாளிகளும்

கோமாளி மீன் இல்லாமலும் சாமந்தி வாழும். சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் தொட்டியில் வாழும். ஆனால் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் லாபம். மீனின் உடலில் உள்ள வழவழப்பு அதைக் கொட்டாமல் காக்கிறது. மீனின் கழிவு, உள்ளே இருக்கும் பாசிக்கு உரமாகிறது. மீன் படுத்துப் புரளும்போது நீர் அசைந்து பிராணவாயு கிடைக்கிறது. சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீனை இது துரத்தி அடிக்கும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறி விடும். பெரிய மீனைச் சிறு சாமந்தியோடு விட்டால் இடித்து இடித்தே அதைச் சுருங்க வைத்து விடும் என்பதால், முதலில் சாமந்தி நிலைத்து வளர்ந்த பிறகு மீனை விடுவது உசிதம்.

கடலில் பிடித்த கோமாளி மீனைத் தேட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைக் கண்டுள்ளன. பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்வுக்கும் தீனிக்கும் பழகியது. சாமந்தியின் கதை அப்படி இல்லை. விற்பனைக்கு வருபவற்றில் பெரும் பகுதி கடலிலிருந்து பெயர்த்தவை. பிலிப்பைன்ஸில் செபு தீவுப் பக்கம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், வியாபாரத்துக்காக எடுக்கும் இடங்களில் சாமந்தியும் கோமாளி மீனும் இரண்டுமே குறைந்து போயிருந்தன. வீடு போனால் குடித்தனமும் போகிறது.

வண்ணத்துப்பூச்சி மீன், கிளாத்தி, பேத்தை ஆகியவற்றைச் சாமந்தியோடு விடக் கூடாது, கடித்துக் குதறும். மெதுவாக நீந்தும் சிறு மீன்களை விட்டால் சாமந்தி அவற்றைத் தின்று விடும்.

ஒன்று இரண்டாகும்போது

குமிழ் நுனிச் சாமந்தியில் ஒரு லாபம் உண்டு. நன்றாக வளர்ந்தது தன் உடலைத் தானே நெடுக்காக இரண்டாகக் கிழித்துக் கொண்டு இரு சாமந்திகளாகி விடும். வாழைக்குப் பக்கக் கன்று போல இதற்கு இதுவே விருத்தி. தொட்டியில் ஏதோ கோளாறு வந்தாலும் இப்படிப் பிரிவதுண்டு என்பதால், பிரிந்ததைக் கண்டவுடன் சந்தோஷப்படுவதற்கு முன் உப்பையும் உஷ்ணத்தையும் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். பிளேடால் அறுத்துப் பெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கை தேர்ந்தவர்கள் வேலை.

பிரிந்த சாமந்திக்கு உடனே தீனி வைக்கக் கூடாது. கிழிந்த பக்கம் மூடி, வாய் நடுவுக்கு வந்து, இரையைப் பிடிக்கத் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதன் பிறகு சிறு துண்டுகளாகக் கொடுத்து, ஒரு மாதமாவது வளர்த்த பிறகே பிறருக்குக் கொடுக்கலாம். கடலில் பெயர்த்ததைவிடத் தொட்டியில் பிறந்தது பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வெளியூர் அனுப்புவதானால் இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தி விட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் கழித்துப் பை நீரைக் கெடுத்துக் கொள்ளும். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீர், மீதிக்குக் காற்று. சாமந்தியைத் தனிப் பையில், மீன் எதையும் சேர்க்காமல் கட்டி, தெர்மக்கோல் பெட்டியில் வைத்து, இரவு வண்டியில் ஏற்ற வேண்டும்.